பழைய கைப்பேசியும் பழுதுபாராப் பூட்டும்

நமது மக்களிடையே இந்நாளில் அடிக்கடி எழும் வினாக்களுள் ஒன்று, கையிலிருக்கும் பழைய கைப்பேசியை வைத்துக்கொள்ளலாமா, அன்றிப் புதியதொன்று வாங்கத்தான் வேண்டுமா என்பதாகும். இதற்கு விடை கூறுவோர் இரு கட்சியினராய்ப் பிரிந்து நிற்கின்றனர். ஒரு கட்சியினர், "பேசுகிறது, படம் காட்டுகிறது, இன்னும் என்ன வேண்டும்?" என்று சிக்கனம் பேசுவர். மற்றொரு கட்சியினர் ஆண்டுக்கொரு புதுக் கைப்பேசியைத் தவணையில் வாங்கிக்கொண்டு, பழையதை வீட்டிலுள்ள தாய் தந்தையர் கையில் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென்றிருப்பர். இவ்விரு கட்சியினரும் கேளாத கேள்வியொன்று உண்டு. கைப்பேசியில் வெளிப்படும் குறைகளை, அதனைச் செய்த கம்பெனியார் இன்னமும் திருத்தி அனுப்புகின்றனரா என்பதே அக்கேள்வி. அஃது எங்ஙனம் எழுந்தது, அதனைக் கேளாதோர் என்ன இடர்ப்பட்டனர் என்பதன் வரலாற்றை ஒருவாறு எடுத்துரைக்க இங்கு முற்படுகின்றோம்.

கைப்பேசியின் கதைக்கு முன்னர்ப் பூட்டின் கதையொன்றைக் கூறுதல் பொருந்தும். 1784-ஆம் ஆண்டில் ஜோசப் பிராமா என்னும் ஆங்கிலத் தொழில் வல்லுநர் புது வகைப் பூட்டொன்றைச் செய்து அதற்குரிய காப்புரிமையையும் பெற்றார். அவருடைய கம்பெனியார் லண்டன் பிக்காடிலி வீதியிலிருந்த தமது கடைச் சன்னலில் அத்தகைய பூட்டொன்றை வைத்து, சாவியின்றி இதனைத் திறப்போருக்கு 200 கினி பரிசளிப்பதாக எழுதியும் வைத்தனர். அரை நூற்றாண்டுக்கு மேலாக அப்பரிசை எவரும் பெற்றிலர். 1851-ஆம் ஆண்டில் லண்டனில் மாபெரும் உலகப் பொருட்காட்சி நடைபெற்றபோது, ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர் அங்கு வந்து சேர்ந்தார். அவர் முதலில் சப் கம்பெனியாரின் பெயர்பெற்ற பூட்டொன்றைச் சாட்சிகளின் முன்னிலையில் அரைமணிக்குள் திறந்து காட்டினார். பின்னர் பிராமா பூட்டை எடுத்துக்கொண்டு, 16 நாட்களில் ஏறத்தாழ 51 மணி நேரம் உழைத்து அதனையும் திறந்து, பரிசையும் பெற்றார்.

ஆங்கில மக்கள் திடுக்கிட்டனர். பூட்டின் குறையை ஊரறியக் கூறுதல் திருடனுக்குப் பாடஞ் சொல்லுதலாகாதோ என்று பலர் கேட்டனர். திருடர்கள் இவற்றை முன்னரே அறிவர். அறியாதிருப்பவர் பொருளுக்குரியவரே என்பது எதிர்க்கட்சியாரின் விடை. குறை வெளிப்பட்டபின் பூட்டுச் செய்வோர் தமது பூட்டுகளைத் திருத்தியமைத்தனர். ஆனால் அந்தத் திருத்தம், முன்னரே விற்றுப்போன பூட்டுகளில் தானாகச் சென்று பொருந்தவில்லை. முதல்நாள் வரையில் எவரும் திறக்கமாட்டார் என்றிருந்த பூட்டு, மறுநாள் திறக்கக்கூடிய பூட்டாயிற்று. பூட்டில் மாறியது ஒன்றுமில்லை. உலகத்தின் அறிவுதான் மாறிற்று. இவ்வொன்றை மனத்திற்கொண்டால், பழைய கைப்பேசியின் ஆபத்து யாதென்பது எளிதில் விளங்கும்.

2007-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆப்பிள் கம்பெனியாரின் ஐபோன் விற்பனைக்கு வந்தது. 2008-ஆம் ஆண்டில் கூகுள் கம்பெனியாரின் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தைக் கொண்ட முதற் கைப்பேசி வந்தது. அன்று முதல் கைப்பேசியென்பது பேசுங்கருவி மட்டும் அன்று. கடிதப் பெட்டியும், பணப் பெட்டியும், கையொப்ப முத்திரையும் ஒருங்கே அடங்கிய கணினியாயிற்று. அக்கணினியை இயக்கும் நிரல் இலட்சக்கணக்கான வரிகளைக் கொண்டது. மனிதர் எழுதுவதாதலின் அதிற் பிழைகள் இருந்தே தீரும். அப்பிழைகளுள் சில, பிறன் உள்ளே நுழைவதற்கான ஓட்டைகளாகிவிடுகின்றன.

ஓட்டையை அடைக்கும் திருத்தம் நமது கைக்கு வந்து சேரும் வழியிலேதான் சிக்கல் இருக்கின்றது. ஐபோனில் கருவியையும் இயங்குதளத்தையும் ஒரே கம்பெனியார் செய்கின்றனர். ஆதலின் அவர்கள் அனுப்பும் திருத்தம் நேரே வந்துசேரும். ஆண்ட்ராய்டுக் கைப்பேசியிலோ கூகுள் எழுதிய திருத்தத்தைச் சில்லு செய்வோர் தமது சில்லுக்கேற்பப் பொருத்தவேண்டும். பின்னர்க் கைப்பேசி செய்வோர் தாம் விற்ற ஒவ்வொரு வகைக்கும் ஏற்றவாறு அதனை மாற்றிச் சோதிக்கவேண்டும். சில நாடுகளில் தொலைபேசிக் கம்பெனியாரும் சோதிப்பதுண்டு. இவையெல்லாம் செலவு பிடிக்கும் வேலைகள். விற்றுத் தீர்ந்த கைப்பேசியால் மேற்கொண்டு வருமானம் இல்லை. ஆகவே, குறைந்த விலைக் கைப்பேசிகளுள் பல, இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. ஏழையின் கையிலுள்ளது எதுவோ அதுவே முதலிற் கைவிடப்பட்டது என்பதைத் தொழிலாளத் தோழர்கள் நன்கு கவனிக்கவேண்டும்.

இந்நிலைமையை உலகுக்கு வெளிப்படுத்திய சம்பவம் 2015-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நிகழ்ந்தது. ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் சலனப் படங்களைப் படிக்கும் பகுதிக்கு ஸ்டேஜ்ஃபிரைட் என்பது பெயர். அதிற் பல ஓட்டைகள் உள்ளனவென்று ஜோஷுவா டிரேக் என்னும் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தார். தீய எண்ணங்கொண்ட ஒருவன் நமது தொலைபேசி எண்ணை மாத்திரம் அறிந்திருந்தாற் போதும். தக்கவாறு சமைத்த படச் செய்தியொன்றை அனுப்பி உள்ளே புகுந்துவிடலாம். செய்தியை நாம் திறந்து பார்க்குமுன்னரே சில கைப்பேசிகளில் இது நிகழக்கூடும். 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த 2.2-ஆம் பதிப்பு முதற்கொண்டு எல்லா ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளிலும் இக்குறை இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கைப்பேசிகள் இதற்கு இலக்காகும் என்று அவர் பணிபுரிந்த நிறுவனம் மதிப்பிட்டது.

இதன் பயனாகக் கூகுள் கம்பெனியார் 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல், மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடும் வழக்கத்தை மேற்கொண்டனர். சாம்சங் கம்பெனியாரும் அவ்வாறே செய்ய முன்வந்தனர். இது நல்ல சீர்திருத்தமே. ஆயினும் இதற்கு மறுபுறமும் உண்டு. மாதந்தோறும் வெளியாகும் குறிப்பில் இன்ன இடத்தில் இன்ன குறை இருந்தது என்று அறிவிக்கப்படுகின்றது. நல்லோர் அதனைப் படிப்பதுபோலவே தீயோரும் படிக்கின்றனர். திருத்தத்தை ஆராய்ந்து ஓட்டையைக் கண்டுகொள்ளுதல் அவர்களுக்குக் கடினமான காரியமன்று. ஆதலின் திருத்தம் பெறாத கைப்பேசி, மாதந்தோறும் சிறிது சிறிதாக ஆபத்து மிகுந்து வருகின்றது. லண்டன் கடைவீதிப் பூட்டின் கதை இங்கே மாதமொருமுறை நடைபெறுகின்றது என்று கூறலாம்.

திருத்தத்தைப் பெறாதிருப்பதன் விளைவைக் கணினியுலகம் 2017-ஆம் ஆண்டில் நேரிற் கண்டது. அவ்வாண்டு மார்ச்சு 14-ஆம் நாள், விண்டோஸ் இயங்குதளத்திலிருந்த பெரிய ஓட்டையொன்றுக்கு மைக்ரோசாப்ட் கம்பெனியார் திருத்தம் வெளியிட்டனர். ஏப்ரல் 14-ஆம் நாள் அவ்வோட்டையின் வழியே புகும் கருவியைச் சிலர் இணையத்தில் யாவருக்கும் கிடைக்குமாறு எறிந்தனர். மே 12-ஆம் நாள் வான்னகிரை என்னும் தீநிரல் கிளம்பி, 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் ஏறத்தாழ 19,000 நோயாளர் சந்திப்புகள் கைவிடப்பட்டிருக்கும் என அரசாங்கத்தார் பின்னர்க் கணித்தனர். 2001-இல் வெளிவந்து, 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாளோடு திருத்தம் நிறுத்தப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பி என்னும் பழைய இயங்குதளத்துக்கும் அவசர அவசரமாகத் திருத்தம் வெளியிட நேர்ந்தது.

இதிலோர் உண்மையை நாம் மறைத்தலாகாது. அம்மருத்துவமனைகளில் பாதிப்புற்ற கணினிகளிற் பெரும்பாலானவை மிகப் பழையன அல்ல. திருத்தம் கிடைத்துக்கொண்டிருந்த விண்டோஸ் 7-ஐக் கொண்டிருந்தும், அத்திருத்தத்தை எவரும் பொருத்தாமல் விட்டவையே அவை. வந்த திருத்தத்தை, "பிறகு பார்க்கலாம்" என்று ஒத்திப்போட்டவரும், திருத்தமே வராத கருவியை வைத்திருந்தவரும் ஒரே கதியை அடைந்தனர். புதுக் கைப்பேசி வாங்கியும், திரையில் வரும் அறிவிப்பை நாள்தோறும் தள்ளிவிடும் நமது இளைஞர் இதனைச் சிந்திப்பாராக.

புதுமை மாத்திரம் காப்பாகாது என்பதற்கு மற்றொரு சான்றுமுண்டு. 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஐக்கிய அரபு நாட்டைச் சேர்ந்த அகமது மன்சூர் என்னும் மனித உரிமைத் தொண்டரின் ஐபோனுக்கு ஐயத்துக்குரிய குறுஞ்செய்தியொன்று வந்தது. அதிலிருந்த இணைப்பை அவர் தொடவில்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சிட்டிசன் லேப் ஆராய்ச்சியாளருக்கு அதனை அனுப்பிவைத்தார். பெகாசஸ் என்னும் ஒற்று நிரல், அதுவரையில் எவரும் அறியாத மூன்று ஓட்டைகளின் வழியே நுழையக் காத்திருந்தமை தெரியவந்தது. ஆகஸ்டு 25-ஆம் நாளே ஆப்பிள் கம்பெனியார் திருத்தம் வெளியிட்டனர். அக்கருவியும் பூட்டிலிருந்த குறையினின்று தப்பியதில்லை; குறை கண்டவுடன் திருத்தம் வந்தமையாலேயே மற்றையோர் காப்பாற்றப்பட்டனர். அவரையோ அவரது விழிப்பே காத்தது.

இனி மறுகட்சியினரின் நியாயத்தையும் கேட்போம். "புதியது வாங்குக" என்னும் கூக்குரல் எல்லாம் நம்முடைய நன்மைக்கே எழுவதன்று. 2017-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மின்கலம் நலிந்த சில பழைய ஐபோன்களின் வேகத்தைத் தாம் குறைத்து வந்ததாக ஆப்பிள் கம்பெனியாரே ஒப்புக்கொண்டனர். கருவி திடீரென அணைந்துபோவதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாகக் காரணங் கூறினர். மக்களின் கண்டனத்துக்குப் பின், 79 டாலராக இருந்த மின்கல மாற்றுக் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தனர். மின்கலத்தை மாற்றினால் போதுமானதாயிருந்த கருவியைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதியது வாங்கியோர் எத்தனை பேரோ! ஆகவே, கைப்பேசி மெதுவாக ஓடுகிறது என்பது வேறு. அதற்குத் திருத்தம் நின்றுவிட்டது என்பது வேறு. முன்னதற்குச் சிறு செலவில் மருந்துண்டு. பின்னதற்கு நாம் செய்யக்கூடிய மருந்தில்லை.

வயதும் திருத்தமும் ஒன்றல்ல என்பதற்கு அதே கம்பெனியாரின் ஐபோன் 5எஸ் நல்ல உதாரணம். 2013-இல் வெளிவந்த அக்கருவிக்கு 2023-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலும் பாதுகாப்புத் திருத்தம் வந்தது. அக்காலத்தில் அதனோடு விற்ற வேறு பல கைப்பேசிகள் அதற்கு நெடுநாள் முன்னரே அநாதைகளாகிவிட்டன. இவ்வேறுபாட்டை மக்கள் உணர்ந்து கேட்கத் தொடங்கிய பின்னரே கம்பெனியாரும் சர்க்கார்களும் அசைந்துகொடுத்தனர். 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் கூகுள் தனது பிக்சல் 8 கைப்பேசிக்கும், 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் சாம்சங் தனது கேலக்ஸி எஸ்24 கைப்பேசிக்கும் ஏழாண்டுத் திருத்தம் தருவதாக வாக்களித்தன. 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 29 முதல், பிரிட்டனில் விற்கப்படும் இத்தகைய கருவிகளுக்கு எத்துணைக் காலம் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்குமென்று அறிவித்தல் சட்டப்படி கடமையாயிற்று. 2025-ஆம் ஆண்டு ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், விற்பனை முடிந்த பின்னும் குறைந்தது ஐந்தாண்டுகள் வரை இயங்குதளத் திருத்தங்கள் இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. உணவுப் பொட்டலத்தில் காலாவதி நாளைப் பார்த்து வாங்கும் நாம், கைப்பேசிக்கும் அத்தகைய நாளொன்றுண்டு என்பதை அறியாதிருத்தல் தகுமா?

நமது மலேசியாவையும் சிங்கப்பூரையும் நோக்குவோம். இங்கு அண்மையாண்டுகளில் மக்கள் பணத்தை இழந்த வழிகளுட் பல, ஓட்டையைத் தேடிச் செல்லும் நுண்ணிய வித்தைகள் அல்ல. வீடு துப்புரவு செய்யும் வேலையாட்கள் வேண்டுமா, மலிவு விலையில் பொருள் வேண்டுமா என்று விளம்பரம் வரும். பின்னர், "இந்தச் செயலியைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்" என்று இணைப்பு வரும். 2022-ஆம் ஆண்டில் இவ்வாறான போலிச் செயலிகள், மலேசிய வங்கிகள் எட்டின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்தமை வெளிப்பட்டது. அச்செயலி வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி எண்ணைத் திருடிவிடும். இங்கே கதவைத் திறந்துவிடுவது நமது கையேயன்றி வேறன்று. இதற்குப் புதுக் கைப்பேசி மாத்திரம் மருந்தாகாது.

எனினும் புதிய இயங்குதளங்கள் இவ்விஷயத்திலும் சில தடைகளை வைத்துள்ளன. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13, வெளியிலிருந்து பெறும் செயலி கைப்பேசி முழுவதையும் ஆளும் அதிகாரத்தை எளிதிற் பெறாதவாறு தடுக்கின்றது. பழைய பதிப்பில் அத்தடையில்லை. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி எண்ணை விடுத்து வேறு உறுதியான முறைக்கு மாறவும், ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே கருவியை மட்டும் அங்கீகரிக்கவும் வங்கிகளைப் பணித்தது. அவ்வாண்டு அக்டோபரில், மோசடிக்குள்ளானோர் உடனே அழைப்பதற்கு 997 என்னும் எண் ஏற்பட்டது. சிங்கப்பூரில் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், ஆபத்தான அதிகாரங்களைக் கேட்கும் வெளிச் செயலிகளைத் தடுத்து நிறுத்தும் சோதனை முயற்சியைக் கூகுள் அந்நாட்டு இணையப் பாதுகாப்பு அமைப்புடன் சேர்ந்து தொடங்கியது. ஒரே கருவியே கையொப்ப முத்திரையென்று வகுத்தபின், அக்கருவி எத்தகையது என்னும் கேள்வி முன்னினும் பன்மடங்கு முக்கியமாகின்றது.

இவ்விடத்தில் நாம் கண்ட ஒன்றைக் கூறாது விடுதல் இயலாது. தோட்டத்தில் ஆயுள் முழுதும் பால் வெட்டி ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர், ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பார்த்துச் சொல்லும்படி காரியாலயத்துக்கு வந்தார். "மகன் குடுத்த போனுங்க கிராணி ஐயா. அவன் புதுசு வாங்கிட்டான். இது இன்னும் நல்லாத்தான் இருக்கு," என்று பெருமையோடு நீட்டினார். கைப்பேசியின் அமைப்புப் பகுதியிற் பார்த்தோம். இறுதியாகத் திருத்தம் பெற்ற ஆண்டு 2018 என்றிருந்தது. அதிலேதான் வங்கிச் செயலியும் இருந்தது. மகனுடைய புதுக் கைப்பேசியிலோ பாட்டும் விளையாட்டும் நிறைந்திருந்தன. அவனுடைய கணக்கில் மாதக் கடைசியில் மிஞ்சுவது சில வெள்ளிகளே.

இது அக்குடும்பத்தின் தவறு மட்டுமன்று. நம்மவரிற் பெரும்பாலோர் வீட்டில் வழக்கம் இதுவே. குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் முதியோர் பெயரிலிருக்க, மிகப் பழைய பூட்டை அவர்கள் வாசலில் மாட்டுகின்றோம். ஏமாற்று வார்த்தையை எளிதில் நம்புவோரும் அவர்களே. பணம் போனால் மீண்டும் உழைத்துச் சம்பாதிக்க இயலாதவரும் அவர்களே. பெரியோரை மதிக்கின்றோம் என்று மேடையிற் பேசும் நாம், இந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்றுதல் வேண்டும். வீட்டிற் சேமிப்பு எவர் கையில் உள்ளதோ, திருத்தம் பெறும் கைப்பேசி அவர் கையில் இருக்கட்டும். விளையாட்டுக்கும் பாட்டுக்கும் பழையது போதும்.

புதியது வாங்கும்போது பழையதைத் துப்புரவாகத் துடைத்துக் கொடுத்தலும் அவசியம். 2015-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இருவர், 21 பழைய ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளைச் சோதித்தபோது, எல்லாவற்றையும் அழித்துவிடும் என்று நம்பப்பட்ட வசதியைப் பயன்படுத்திய பின்னரும் செய்திகளும் கணக்குக் குறிப்புகளும் மீட்கக்கூடியனவாயிருந்தன. அண்மைக் காலக் கைப்பேசிகள் தம்முள் இருப்பதை மறைகுறியாக்கி வைப்பதால் இவ்விடர் பெரிதும் குறைந்துள்ளது. மிகப் பழையதைக் கடைக்காரனிடம் சில வெள்ளிக்கு விற்பதைக் காட்டிலும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுதல் மேல்.

ஆதலின் நேயர்கள் இன்றே செய்யத்தக்கவை சில. கைப்பேசியின் அமைப்புப் பகுதியைத் திறந்து, பாதுகாப்புத் திருத்தம் இறுதியாக எந்நாளில் வந்தது என்று பாருங்கள். அண்மை மாதமாயின் புதியது வேண்டுவதில்லை. மின்கலம் நலிந்திருந்தால் அதை மாற்றுங்கள். புதிய திருத்தம் காத்திருப்பின் இன்றிரவே ஏற்றுங்கள். திருத்தம் நின்று ஆண்டுகள் கடந்திருப்பின், வங்கிச் செயலியையும் மின்னஞ்சலையும் அதிலிருந்து நீக்குங்கள். அதன்பின் அக்கருவி வானொலிக்கும் கடிகாரத்துக்கும் பயன்படலாம். புதியதோ கைமாறியதோ எதுவாயினும், வாங்குமுன் அழகையும் நிறத்தையும் விசாரிப்பதோடு, எந்த ஆண்டு வரையில் திருத்தம் வரும் என்றும் கடைக்காரரைக் கேளுங்கள். ஏழாண்டு திருத்தம் பெறும் சாதாரணக் கருவி, ஈராண்டில் கைவிடப்படும் மலிவுக் கருவியினும் உண்மையிற் சிக்கனமானது. எவர் அனுப்பினும், இணைப்பின் வழியே வரும் செயலியை ஏற்காதீர்கள்.

அவ்வம்மையாரின் மகனுக்கு ஆளனுப்பினோம். அவன் வந்து விஷயத்தைக் கேட்டறிந்து, சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர்த் தாயின் வங்கிச் செயலியைத் தாயின் கண்முன்னே பழைய கைப்பேசியிலிருந்து நீக்கினான். அடுத்த சம்பள நாளில், திருத்தம் வரும் நாளைக் கேட்டு வாங்கிய எளிய கைப்பேசியொன்று அம்மையாரின் கைக்கு வந்தது. ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு பட்டணத்து வீட்டிலும் இதனைச் செய்வதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. முதியோர் கையிலுள்ள கைப்பேசியை இன்று மாலை ஒருமுறை வாங்கிப் பார்க்கும் சிறு முயற்சி போதும்.